அரை அங்குலத்தில் ஒரு வாழ்க்கை
(மாதிரி ரயில் தந்த பிராங்க் ஹார்ன்பி)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஒவ்வொரு வருஷமும் நம் மலரில் யாராவது ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு வரும். ஜேம்ஸ் வாட் வருவார், எடிசன் வருவார், நம்ம விஸ்வேஸ்வரய்யா வருவார். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டவர் அந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒரு மனிதர். இன்ஜினீயரிங் படிக்காதவர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பல வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். அப்படி என்னதான் செய்தார் என்று கேட்கிறீர்களா? பொம்மை செய்தார்!

பொம்மை செய்த ஆளுக்கு இத்தனை பக்கமா என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். மெட்ராலஜி பேப்பரில் இரண்டு மார்க் கேள்விக்கு நாம் உருப்போட்டு எழுதும் ஒரு விஷயத்தை, இவர் தன் வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியிருக்கிறார்.

ஊர் கூடி ஓட்டும் ரயில்

முதலில் மாதிரி ரயில் பொழுதுபோக்கு பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. பெரியவர்களே வருஷக்கணக்கில் உட்கார்ந்து எஞ்சின், ஸ்டேஷன், பாலம், சிக்னல் எல்லாம் சிறிய அளவில் செய்கிறார்கள். அந்தந்த வட்டாரத்துக்காரர்கள் அவ்வப்போது ஓர் இடத்தில் கூடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஐரோப்பாவில் 1981-ல் தொடங்கிய ஃப்ரெமோ என்ற அமைப்பின் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு பலகை மீது ஒரு துண்டு ரயில் பாதை அமைக்கிறார். ஒருவர் பலகையில் ஸ்டேஷன். இன்னொருவர் பலகையில் ஆற்றுப் பாலம். மூன்றாமவர் பலகையில் வெறும் வயல்வெளி. கூடும் நாளில் எல்லாரும் தங்கள் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு வருகிறார்கள். ஓரங்களைச் சேர்த்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். அவ்வளவுதான், அரங்கம் முழுக்க ஒரே ரயில் பாதை! பிறகு கால அட்டவணை போட்டு, ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நின்று, நிஜ ரயில்வே மாதிரியே வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவர் பலகையில் புறப்படும் சரக்கு வண்டி, அவர் முன்பின் பார்த்திராத ஒருவர் செய்த பாலத்தைத் தாண்டி, இன்னொரு ஊர்க்காரர் செய்த ஸ்டேஷனில் போய் நிற்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி: இணைக்கிற இடத்தில் ரயில் எப்படித் தடம் புரளாமல் போகிறது? நம்ம ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரே பேட்ச், ஒரே டிராயிங், ஒரே வைஸ். அப்படி இருந்தும் ஒருவன் செய்த வீ-ஃபிட்டிங்கின் ஆண் பாகம், பக்கத்தில் நிற்பவனின் பெண் பாகத்தில் லேசில் உட்காருவதில்லை. ராவு ராவு என்று ராவித்தான் உட்கார வைக்கிறோம். அங்கே எங்கோ இருக்கும் நாற்பது ஐம்பது பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமலே செய்தது எப்படிப் பொருந்துகிறது?

பதில் ஒன்றுதான்: எல்லாரும் ஒரே அளவுக்குக் கட்டுப்படுகிறார்கள். இதைத்தான் நம்ம புத்தகம் பரிமாற்றத்தன்மை என்கிறது. தொழிற்சாலைக்குள் இந்தக் கொள்கை முன்பே வந்துவிட்டது. ஜோசப் விட்வொர்த் 1841-லேயே மரை அளவுகளை ஒழுங்குபடுத்தினார். ஆனால் அதை வீட்டு மேஜை வரைக்கும், ஒரு பத்து வயதுப் பையன் கை வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பிராங்க் ஹார்ன்பி.

கணக்குப்பிள்ளை

ஹார்ன்பி 1863 மே 15-ஆம் தேதி இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பிறந்தார். அப்பா உணவுப் பொருள் வியாபாரி. பிள்ளைக்குப் படிப்பு பெரிதாக ஏறவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் வியாபாரத்திலேயே காசாளராகச் சேர்ந்தார். 1887-ல் கிளாரா என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள்.

1899-ல் அப்பா இறந்தார். வியாபாரம் மூடப்பட்டது. ஹார்ன்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது. குடும்பஸ்தர். வேறு வழியில்லாமல் டேவிட் எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், வாழ்க்கையில் செட்டில் ஆகியிருக்க வேண்டிய வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஆள்.

இந்தக் காலத்தில்தான் மாலை நேரங்களில் வீட்டில் பிள்ளைகளுக்காகப் பொம்மை செய்யத் தொடங்கினார். முறையான பயிற்சி கிடையாது. உலோகத் தகட்டை வாங்கி வந்து, பட்டை பட்டையாக வெட்டி, துளை போட்டு, சின்னச் சின்னப் பாலம், கிரேன், வண்டி என்று செய்தார். இதுவரை எந்த அப்பாவும் செய்யக்கூடியதுதான். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. ஒரு கிரேனுக்காக வெட்டிய பட்டை அந்தக் கிரேனுக்கு மட்டும்தான் உதவியது. அடுத்து பாலம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் மறுபடி தகடு, மறுபடி வெட்டு, மறுபடி துளை!

இங்கேதான் அந்தக் கணக்குப்பிள்ளைக்குள் இருந்த இன்ஜினீயர் விழித்துக்கொண்டார். எல்லாப் பட்டைக்கும் ஒரே அகலம், அரை அங்குலம். எல்லாத் துளைக்கும் இடையே ஒரே தூரம், அதுவும் அரை அங்குலம். போல்ட், நட், அச்சுக்கம்பி எல்லாம் எந்தத் துளையிலும் நுழையும் அளவு. இப்படி வைத்துவிட்டால் கிரேனைப் பிரித்துப் பாலம் கட்டலாம், பாலத்தைப் பிரித்து வண்டி கட்டலாம். பட்டை மாறாது, பொருள் மாறும்.

கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான்! ஆனால் இந்த இவ்வளவுதானுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அதுவரை பொம்மை செய்தவர்கள் ஒரு பொருளைச் செய்தார்கள். ஹார்ன்பி ஓர் அளவைச் செய்தார்.

ஐந்து பவுண்டு கடன்

இதற்குக் காப்புரிமை எடுக்க வேண்டும். கையில் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடமே ஐந்து பவுண்டு கடன் வாங்கி, 1901 ஜனவரியில் விண்ணப்பம் போட்டார். அந்த முதலாளியையும் பாராட்ட வேண்டும். கணக்கு எழுத வந்தவன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று விரட்டாமல், ஆபீசுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்து, கூட்டாளியாகவும் சேர்ந்துகொண்டார்.

1902-ல் முதல் பெட்டிகள் லிவர்பூலில் விற்பனைக்கு வந்தன. எளிய இயந்திரவியல் என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர்தான் அப்போது பெட்டி மேல் இருந்தது. உள்ளே பதினாறு வகை உதிரிகள். பன்னிரண்டு மாதிரிகள் செய்ய ஒரு குறிப்புத்தாள். கடைக்காரர்களுக்கு இது புரியவில்லை. செய்து முடித்த பொம்மை இருந்தால் ஷோகேஸில் வைக்கலாம். வெறும் துளை போட்ட பட்டையை எங்கே வைப்பது? 1903-ல் 1,500 பெட்டிகள் விற்றும் லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. 1906-ல்தான் முதல் முறையாகச் சிறு லாபம் கண்டார்கள். ஐந்து வருஷம் நண்பர்களே! பகலில் கணக்குப் புத்தகம், மீதி நேரத்தில் பொம்மைப் பெட்டி.

இந்த இடத்தில் வரும் ஒரு பெயரை டிப்ளமோக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் ஹீலி ஷா. திரவ ஓட்டத்தைப் பற்றிய ஆய்வில் இன்றும் அவர் பெயரால் ஓர் ஓட்டம் உண்டு. அப்பேர்ப்பட்டவரிடம், பள்ளிப் படிப்போடு நின்ற ஹார்ன்பி தன் பெட்டியைக் கொண்டு போய்க் காட்டினார். பொம்மைதானே என்று பேராசிரியர் ஒதுக்கவில்லை. இது இயந்திரவியலைக் கற்றுத்தரும் சாதனம் என்று பாராட்டிக் கடிதம் தந்தார். ஹார்ன்பி அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

அதே ஹீலி ஷா பின்னாளில், 1922-ல், பிரிட்டனின் மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். பட்டப்படிப்புக்குப் போக முடியாமல் தொழில் செய்துகொண்டே படித்தவர்களுக்காக வந்த தேசியச் சான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதாவது நம்மைப் போன்றவர்களுக்காக! கையால் செய்கிறவனையும் மதிக்கத் தெரிந்த கண் அது. ஹார்ன்பியின் பெட்டியை மதித்ததும் அதே கண்தான்.

மெக்கானோ

1907-ல் நிலைமை தலைகீழானது. உதிரிகள் செய்து கொடுத்தவர்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஹார்ன்பி துணிந்து கணக்கு வேலையை விட்டார். லிவர்பூல் டியூக் தெருவில் வாடகைக்கு இடம் பிடித்துத் தானே உற்பத்தியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு! அதே வருஷம் செப்டம்பரில் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1908-ல் மெக்கானோ லிமிடெட் பிறந்தது. எலியட் அதில் சேரவில்லை. அதன் பிறகு முழுப் பொறுப்பும் ஹார்ன்பி தலையில்தான்.

1914-ல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-ல் மெக்கானோ மாத இதழின் தொடக்க இதழ் வந்தது. சரக்கு விற்றால் போதும் என்று நினைக்கிறவர் பத்திரிகை நடத்த மாட்டார். அதில் வாசகர்கள் செய்த மாதிரிகள், பாலம் கட்டும் முறை, எஞ்சின் வேலை செய்யும் விதம் எல்லாம் வந்தன. ஊருக்கு ஊர் பையன்கள் மெக்கானோ கிளப் தொடங்கினார்கள். அவற்றை எல்லாம் இணைக்க மெக்கானோ கில்டு என்ற சங்கம் உண்டானது. ஓர் ஊர்ப் பையன் தன் கிரேனைப் பிரித்தால், வேறோர் ஊர்ப் பையனின் பாலத்துக்கு அந்தப் பட்டையைக் கொடுக்கலாம். அளவு ஒன்று என்பதால் ஆட்களும் ஒன்று சேர்ந்தார்கள்.

இது பொம்மையோடு நிற்கவில்லை. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற விஞ்ஞானியும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும் சேர்ந்து, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இயந்திரத்தின் மாதிரியை உருவாக்கினார்கள். எதைக் கொண்டு? பெரும்பாலும் மெக்கானோ உதிரிகளைக் கொண்டு! பொம்மையில் செய்த மாதிரிதானே என்று பார்த்தால், உண்மையான ஆராய்ச்சிக் கணக்கையே அது போட்டது. கணக்கு எழுதியவர் செய்த பட்டை, கணக்குப் போடும் இயந்திரமாக ஆனது.

தண்டவாளத்துக்கு வந்த கதை

இனி ரயிலுக்கு வருவோம். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டனில் பொம்மை ரயில் என்றால் பெரும்பாலும் ஜெர்மன் சரக்குதான். போர் வந்து அது நின்றது. 1920-ல் ஹார்ன்பி தன் பெயரிலேயே ரயிலை வெளியிட்டார். தகரத்தில் செய்தது, சாவி கொடுத்தால் ஸ்பிரிங் விசையில் ஓடும். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர்.

அந்த முதல் ரயிலில் ஒரு விசேஷம். மற்ற பொம்மைகள் போலத் தகரத்தின் காதை மடக்கி ஒட்டாமல், மெக்கானோ மாதிரியே போல்ட், நட் போட்டுச் சேர்த்திருந்தார்கள். பையன் அதைப் பிரிக்கலாம், மறுபடி பூட்டலாம். வாங்கியவன் பார்த்து ரசித்தால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் குணம்.

1925-ல் மின்சார ரயில் வந்தது. எலெக்ட்ரிகல் துறைத் தோழர்கள் இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். அந்த முதல் மின்சார ரயில் வீட்டு மின் இணைப்பிலேயே, ஒரு பல்பைத் தொடரில் போட்டு மின்தடையாக்கி ஓடியது! பிள்ளைகள் விளையாடும் தண்டவாளத்தில் அவ்வளவு மின்னழுத்தம். ஆபத்து புரிந்ததும் குறைந்த மின்னழுத்தத்துக்கு மாற்றினார்கள். பெரிய மனிதர் என்பதால் எல்லாமே சரியாகச் செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை.

1928-ல் ஹார்ன்பி ரயில்வே கம்பெனி என்ற பெயரில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெயர்தான் கம்பெனி, உண்மையில் ரயில் வைத்திருக்கும் பிள்ளைகளின் சங்கம். உறுப்பினருக்கு பேட்ஜ் உண்டு. பல ஊர்களில் கிளைகள் உண்டு. கிளைக் கூட்டத்தில் பையன்கள் தங்கள் தண்டவாளங்களைக் கொண்டுவந்து சேர்த்து, தனி ஒருவன் வீட்டில் போட முடியாத நீளத்துக்குப் பாதை போட்டு, அட்டவணைப்படி ஓட்டினார்கள். இன்று பெரியவர்கள் அரங்கத்தில் செய்வதை அன்று அரை டிராயர் போட்ட பையன்கள் செய்துவிட்டார்கள்!

பெட்டிமேல் இல்லாத முகங்கள்

பாராட்டிக்கொண்டே போனால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மெக்கானோ விளம்பரங்கள் எல்லாம் பையன்களைப் பார்த்தே பேசின. இன்ஜினீயரிங் என்பது ஆண் பிள்ளைகளுக்கு உரியது என்பதுதான் அவற்றின் பாணி. பெட்டி மேல் இருக்கும் படத்திலும் பையன்கள்தான். ஆனால் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் அந்த உதிரிகளைச் செய்து, வண்ணம் பூசி, எண்ணிப் பெட்டியில் அடுக்கியவர்களில் பெண்கள் ஏராளம். யார் கை செய்ததோ அந்தக் கைக்கு அந்தப் பெட்டி இல்லை! அரை அங்குலத் துளைக்கு ஆண் பெண் தெரியாது. அதை விற்றவர்களுக்குத்தான் தெரிந்தது. நம்ம துறையில் லேத் முன்னால் நிற்கும் தோழியரை ஒரு மாதிரி பார்க்கிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

கடைசிக் காலம்

1931 பொதுத் தேர்தலில் ஹார்ன்பி லிவர்பூலின் எவர்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் நின்று பார்லிமென்ட் உறுப்பினரானார். கம்பெனி நிர்வாகத்தை மற்ற இயக்குநர்களிடம் விட்டார். 1935 தேர்தல் வரும் முன்பே அரசியலிலிருந்து விலகினார். அதற்குள் உடம்பு தளர்ந்துவிட்டது. நீரிழிவும் இதய நோயும் சேர்ந்துகொண்டன. 1934 வாக்கில் டிங்கி என்ற பெயரில் சின்னச் சின்ன உலோகக் கார்கள் வந்தன. அதுவும் உலகம் சுற்றியது. 1936 செப்டம்பர் 21-ஆம் தேதி ஹார்ன்பி லிவர்பூலில் காலமானார். வயது எழுபத்து மூன்று. அவர் கையால் செய்த பொம்மையோடு வளர்ந்த மகன் ரோலண்ட், கம்பெனித் தலைவரானார்.

அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றும் ரயிலை ஹார்ன்பி பார்க்கவே இல்லை. 1938-ல் வந்த ஹார்ன்பி டப்லோ அது. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு முழு ரயில்வேயை வைத்துவிடலாம்.

இரண்டு மில்லிமீட்டர் பாடம்

இந்த 16.5 மில்லிமீட்டரில் ஒரு சுவாரஸ்யமான பிழை உண்டு. பிரிட்டனில் மாதிரி எஞ்சினை நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்கிறார்கள். அந்தக் கணக்குப்படி தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. காரணம், பிரிட்டிஷ் எஞ்சின்கள் நிஜத்திலேயே உருவில் சிறியவை. அன்றைய மோட்டார் உள்ளே உட்கார வேண்டுமானால் உடம்பைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள்.

மோட்டார் சின்னதாகிப் பல காலம் ஆயிற்று. ஆனால் அளவு மாறவில்லை. ஏன்? லட்சக்கணக்கான வீடுகளில் அந்தத் தண்டவாளம் கிடக்கிறதே! சில சுத்தக்காரர்கள் 18.83 மில்லிமீட்டரில் தாங்களே தண்டவாளம் போட்டு ஓட்டுகிறார்கள். கணக்கில் அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அவர்கள் வண்டி மற்றவர்கள் பாதையில் ஓடாது. கூட்டத்தில் பெரும்பாலானவர்களோடு சேர முடியாது. தனியாகச் சரியாக இருப்பதா, கொஞ்சம் விட்டுக்கொடுத்து எல்லாரோடும் ஓடுவதா? இந்தக் கேள்வி ரயிலுக்கு மட்டுமா?

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு விதமாக வந்தது. ஒரு கம்பெனி சக்கரம் இன்னொரு கம்பெனி தண்டவாளத்தில் ஓடாது. அதற்காகவே 1935-ல் மில்வாக்கி நகரில் பொழுதுபோக்காளர்கள் கூடித் தேசிய மாதிரி ரயில் சங்கம் அமைத்தார்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் அளவு வகுத்தார்கள். அந்த அளவைச் சோதிக்க ஒரு சின்ன உலோகத் தகடு தருகிறார்கள். பள்ளத்தில் சக்கரம் உட்கார்ந்தால் சரி, உட்காராவிட்டால் சரியில்லை. அட, நம்ம கோ, நோ-கோ கேஜ்! வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து அந்தச் சங்கத்தினர் நடத்தும் கூட்டங்களுக்கு அடிப்படை, பையில் கிடக்கும் அந்தத் தகடுதான்.

ஹார்ன்பி கட்டிய கம்பெனி நிலைக்கவில்லை. 1964-ல் அது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. 1971-ல் அந்த நிறுவனமே விழுந்தது. மெக்கானோ ஒரு கைக்கும், ஹார்ன்பி ரயில் வேறு கைக்கும் பிரிந்தன. 1979 நவம்பர் 30-ஆம் தேதி பின்ஸ் சாலைத் தொழிற்சாலையைத் திடீரென்று மூடினார்கள். தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடியும் அது திறக்கவில்லை. கட்டடம் போயிற்று, முதலாளிகள் மாறினார்கள். ஆனால் போருக்கு முன்பு வாங்கிய பழைய மெக்கானோ பட்டை ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பல பத்தாண்டு கழித்து வந்த பட்டையோடு அது இன்றும் போல்ட் போட்டு இணையும்.

2009-ல் ஜேம்ஸ் மே என்ற டெலிவிஷன்காரர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பார்ன்ஸ்டபிள் ஊரிலிருந்து பிடஃபோர்டு ஊர் வரைக்கும், பழைய ரயில் போன வழியிலேயே, சுமார் பத்து மைல் தூரத்துக்கு ஹார்ன்பி அளவுத் தண்டவாளம் போட்டுப் பொம்மை ரயில் ஓட்டப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சாதாரண மக்கள் வந்து குனிந்து குனிந்து பாதை போட்டார்கள். அன்று எஞ்சின் வழியிலேயே நின்றுவிட்டது. விடவில்லை! 2011-ல் மறுபடி போட்டு ஓட்டி முடித்தார்கள். அத்தனை பேர் போட்ட துண்டுகளும் சேர்ந்து ஒரே பாதையாக ஆனதே, அதுதான் ஹார்ன்பியின் சொத்து.

நமக்கு என்ன?

டிப்ளமோதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சொந்தக்காரர் கல்யாணத்திலேயே பார்த்திருக்கிறோம்! அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர் நாற்பத்து நான்கு வயதில் தொழிற்சாலை தொடங்கினார் என்பதை நாம் நினைவில் வைத்தால் போதும். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. ஹார்ன்பி தனக்கு மட்டும் பொருந்தும் ஒரு பொருளைச் செய்யவில்லை. அடுத்தவன் கொண்டுவருவதும் வந்து பொருந்த இடம் வைத்துச் செய்தார்.

நம்ம பொருட்காட்சியைப் பாருங்கள். சிவில் துறை ஒரு பாலம் செய்யும். எலெக்ட்ரிகல் துறை ஒரு சப்-ஸ்டேஷன் செய்யும். எலெக்ட்ரானிக்ஸ் ஒரு சிக்னல் செய்யும். நாம் ஓர் எஞ்சின் செய்வோம். எல்லாமே அருமையாக இருக்கும். ஒன்றோடு ஒன்று சேராது. மூன்றாம் நாள் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போகும். ஒரு துறை செய்தது இன்னொரு துறைக்குத் தெரியாமலே வருஷம் முடிந்துவிடும்.

அதனால் மாணவர் பேரவைக்கு இந்தக் கட்டுரை வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பொருட்காட்சிக்குத் துறைக்கு ஒரு பலகை கொடுங்கள், நான்கு அடிக்கு இரண்டு அடி. பலகையின் உயரம், ஓரத்தில் போல்ட் துளை வரும் இடம், தண்டவாளம் ஓரத்தைத் தொடும் புள்ளி, மின்சார இணைப்பு ஆகிய நான்கை மட்டும் முதல் நாளே எல்லாத் துறையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நடுவில் என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். பாலம் சிவில் கட்டட்டும், மின்சாரம் எலெக்ட்ரிகல் கொடுக்கட்டும், சிக்னலை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும், எஞ்சினும் கேஜும் எங்கள் பொறுப்பு. கேஜை நான் இப்போதே டிராயிங் போட்டு வைத்துவிட்டேன். நோட்டீஸ் போர்டில் தேதி போட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

வாழ்க நம் ஒற்றுமை!